கரடி பாடட்டும்

பாட்டுப் பாடும் பொம்மைக் கரடிக்கு என் குரலைக் கொடுத்தவள் நான்தான். வாங்கிய அன்று, அது என் குரலைப் பதிந்துகொள்ள, அதன் முன்னால் சில வரிகள் வாசித்தேன். மறுநாளே அது என் குரலில், ஆனால் எனக்கு வராத சுத்தமான சுருதியில், என் மூன்று வயது மகள் நறுமுகைக்குத் தவளைப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது.

இப்போது நான் வாயைத் திறந்தாலே, "நீ சும்மா இரும்மா, கரடி பாடட்டும்" என்கிறாள். பெற்றவள் நான், கொஞ்சல் அதற்கு. வயிறு எரிந்தது.

இன்று காலை, அவளுக்குத் தெரியாமல் கரடியின் சுவிட்சை நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நானே பாடினேன்.

"தவளைக் குட்டி, தவளைக் குட்டி, குடை எங்கே?"

நறுமுகை கரடியை உற்றுப் பார்த்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அழுதுகொண்டே கத்தினாள்.

"அம்மா! கரடி கெட்டுப்போச்சு, சீக்கிரம் வாம்மா!"