சுருதிக்காரர் இருக்கும்வரை

“நான் வெளியே வர்ற வரைக்கும் வீட்டுல ஒரு சின்னச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு, சுருதி சேர்க்க வந்த சுருதிக்காரர் பியானோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உதவிக்கென்று மகளும் கூடவே போய்விட்டாள்.

மனைவி மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினாள். கணவர் மின்விசிறியை அணைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் சத்தம் போடாதே என்று சொல்ல ஓர் ஆள் வேறு வேண்டுமா? ஒரு வாரத்துக்கு மேலாக இரண்டு பேரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதானே திரிகிறார்கள்.

எல்லாம் மகளின் பிறந்தநாளுக்கு ஆள் கூடியபோது வந்த வினை. கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், வலப்பக்கம் அவள், இடப்பக்கம் அவர். பாதிப் பாட்டில் அவள் கையை எடுத்துவிட்டு, பியானோவில் சுருதி இறங்கியிருக்கிறது என்றாள்.

“பியானோ நல்லாத்தான் இருக்கு. இவ காதுதான் இறங்கிப்போச்சு” என்றார் அவர்.

வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சொன்னவர் அங்கேயே மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை. அவள் பேசவில்லை என்று தெரிந்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். வீம்பில் அவர் மட்டும் இளைத்தவரா என்ன. அன்று மூடிய பியானோவை அதன் பிறகு யாரும் தொடவில்லை.

‘அப்பாவைச் சாப்பிட வரச் சொல்’, ‘பசியில்லை என்று அம்மாவிடம் சொல்’ என்று மகள் தபால்காரி வேலை பார்த்தே அலுத்துப்போனாள். அவளும் வரும் ஞாயிற்றுக்கிழமை வேறு ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். அப்புறம் இந்த வீட்டில் தபால் கொண்டுபோகக்கூட ஆள் கிடையாது. தாய்க்கு அது தெரியாமல் இல்லை. அதற்காக, முதலில் தானே வாயைத் திறப்பதா?

சுருதிக்காரர் மழைக்கு முன்னால் ஒரு முறை, வெயிலுக்கு முன்னால் ஒரு முறை வருகிறவர். இரண்டும் இல்லாத நேரத்தில் வாசலில் வந்து நின்றதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆக, கணவரே தப்பை ஒப்புக்கொண்டு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்! கணவரோ, இவள்தான் சாட்சிக்கு ஆள் பிடித்து வந்திருக்கிறாள் என்று முறுக்கிக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒரு கட்டை ஒலித்தது. டங். மறுபடியும் டங்.

ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. இரண்டின் வாயைச் சிவப்புக் கம்பளிப் பட்டையால் அடைத்தால்தான் மூன்றாவது என்ன சொல்கிறது என்று கேட்கும் என்பார் சுருதிக்காரர்.

இத்தனை நாள் வராத பேச்சு, பேசக் கூடாது என்றதும் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

கணவர் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் பூனை நடை நடந்து வந்தார். சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லையே. செம்புக்குக் கை நீட்டியபோது முழங்கை இடித்து, மேடை ஓரத்தில் இருந்த எவர்சில்வர் தட்டு சரிந்தது.

இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள். தட்டு நான்கு கைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அதில் இருந்த கரண்டி மட்டும் தப்பி, நேராக அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது.

கத்த வாயைத் திறந்தவர் கத்தாமல் அப்படியே நின்றார். கண் பிதுங்கியது. முகம் பழுத்த தக்காளி ஆனது.

அவள் கை துடைக்கும் துணியை வாயில் அடைத்துப் பார்த்தாள். சிரிக்கக் கூடாத இடத்தில் வருகிற சிரிப்பை யாரால் அடக்க முடியும்? அவள் தோள் குலுங்கியது. அதைப் பார்த்து அவருக்கும் குலுங்கியது. தட்டை விடவும் முடியாமல், நிமிரவும் முடியாமல் இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அவளுக்குத் தன் கோபம் ஞாபகம் வந்தது. அவர் காதருகே போனாள்.

“எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டீங்களே. எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா?”

பல நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம். உரக்கச் சொல்லியிருந்தால் இடி மாதிரி இறங்கியிருக்கும். கிசுகிசுத்ததில் கொஞ்சுவது போலக் கேட்டுத் தொலைத்தது.

அவர் அவள் காதருகே குனிந்தார். “தப்புதான். உன் காதை நம்பித்தானே நானே வாசிக்கிறேன்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, அவர் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“அதான் தப்பை ஒத்துக்கிட்டு ஆளைக் கூப்பிட்டீங்களே, விடுங்க.”

“நானா? நீ கூப்பிட்டேன்னுல்ல நெனச்சேன்!”

டங். டங்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்ததிலிருந்து அதே ஒரு கட்டைதான். அதுவும், பிறந்தநாளன்று எவ்வளவு இறங்கியிருந்ததோ அதே அளவு இறங்கி, இம்மியும் ஏறாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

அடிமேல் அடி வைத்துப் போய், கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

சுருதிக்காரரின் கருவிப் பை வார்கூட அவிழ்க்காமல் தரையில் கிடந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தபடி ஒற்றை விரலால் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் அடுக்களைப் பக்கச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் தட்டுங்க அங்கிள், ப்ளீஸ். இப்பத்தான் ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிருக்காங்க.”

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அடுக்களையில் கணவர் புருவத்தை உயர்த்தினார், முடிந்துவிட்டதா என்று.

அவள் உதட்டின் மேல் விரல் வைத்தாள். பிறகு எம்பி, அவர் காதுக்குள் சொன்னாள்.

“ரொம்பவே இறங்கியிருக்காம். இன்னும் நேரமாகுமாம்.”