பக்கத்து வயலுக்கு விட்ட தண்ணீர்

சுனாமியில் மனைவியைப் பறிகொடுத்த தம்பிராசா வயலைக் கவனிப்பதில்லை என்றே, அவன் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைக்கும் ஆதம்பாவா நினைத்தார். தன் வயலுக்குப் பக்கத்திலிருந்த அந்த வயல் காயும்போதெல்லாம் மனம் கேட்காமல், அவனிடம் சொல்லாமலே தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

ஒருநாள் விவசாய உத்தியோகத்தர் வந்து, தம்பிராசாவின் வரம்பில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

“தண்ணி நின்டா பூமியைச் சூடாக்குற வாயு கிளம்பும், இடைக்கிடை காயவிடுங்க என்டு சொன்னனே. எப்ப வந்தாலும் நிக்குதே!”

“நான் வாய்க்காலைத் திறக்கவே இல்ல சேர். எங்கட மண் காயாது போல,” என்றான் தம்பிராசா.

“அப்ப இந்தப் பக்கம் இந்தக் காயவிடுற முறைய கைவிட்டுருவம்,” என்று சொல்லி அவர் போய்விட்டார்.

தன் வரம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆதம்பாவா பதறிப்போய், “தம்பி, அந்தத் தண்ணி…” என்று தொடங்கினார்.

“கவலப்படாதீங்க காக்கா. அவள் போனதுக்குப் பொறகு ஆசையாத் தொடங்கின ஒரே வேலை இது. அதுவும் சரிவரல்ல.”