பழுதான ஆமை

பூங்காவின் கடலுயிர்கள் நானூறும் மின்கலத்தால் நீந்துபவை. அவை உண்பதில்லை, நாறுவதில்லை, சாவதுமில்லை. ஆகவே, கடல்நீர் வாய்க்கால் வழியே உயிருள்ள பங்குனி ஆமையொன்று தொட்டிக்குள் வந்து சேர்ந்தபோது, பார்வையாளர்கள் அது பழுதாகிவிட்டதென்று புகார் எழுதினர். அழைத்தால் கையசைக்கவில்லையாம், கவிச்சி வேறு அடித்ததாம்.

அது சினையாமை என்பது கண்ணாடி துடைக்கும் சலேத்மேரிக்கு மட்டுமே விளங்கியது. மணலில் சேர்க்காவிட்டால் முட்டைகள் வீணாகிவிடும். கைவண்டியில் ஏற்றிக் கடற்கரை வாயிலுக்குத் தள்ளிச் சென்றாள்.

காவலர் கனியப்பன் சட்டம் அறிந்தவர். "பழுதான பொம்மையக் கடல்பக்கம் போடக் கூடாதுக்கா."

"பொம்மை இல்ல தம்பி, உசுரு. மூச்சு விடுது பாரு."

"எங்க வீட்டு மிக்ஸிகூடத்தான் விடுது" என்றவர், விசையைத் தேடி ஆமையின் அடிவயிற்றைத் தடவினார். ஆமை கடித்தது. "சென்சார் மட்டும் நல்லாருக்கு."

அப்போது வெள்ளையாய், உருண்டையாய் ஒன்று வண்டியில் விழுந்தது. தொடர்ந்து பல விழுந்தன.

"பாத்தீங்களா, பேட்டரி கழண்டு விழுது."

சலேத்மேரி சற்றே யோசித்தாள். "ஆமா தம்பி, பேட்டரிதான். மண்ணுல புதைச்சிட்டு வந்திரட்டுமா?"

"அய்யய்யோ, மண்ணு கெட்டுப்போகும்க்கா. பேட்டரிக் குப்பையச் சிவப்புத் தொட்டிலதான் போடணும்."

கையுறை மாட்டி, அத்தனை முட்டைகளையும் அவரே பொறுக்கித் தொட்டியில் அடுக்கினார். பூமியைக் காக்கும் அப்பெருமிதத்தில், சலேத்மேரி வண்டியிலிருந்து இறக்கிவிட்ட ஆமை கடலுக்குள் சென்றதை அவர் கவனிக்கவில்லை.

சிவப்புத் தொட்டியை நாள்தோறும் காலிசெய்பவள் யாரென்றும் அவர் கேட்கவில்லை. சலேத்மேரி அதனைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டை நோக்கி நடந்தாள்.