நாச்சிமுத்து காட்டிய இடம்

“இன்னும் இருபத்தாறு மணி நேரந்தாங்கய்யா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குழியை மூடிடச் சொல்லிட்டாங்க” என்றாள் ஷிரீன்.

நாச்சிமுத்துவின் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்தது.

“மூடறதா? எதுக்கு அம்மிணி மூடோணும்?”

“ஒண்ணும் கிடைக்கலைன்னா மூடித்தான் ஆகணும். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, நிலத்தை முன்னே இருந்த மாதிரி கொடுத்துடணும். அகழாய்வு பண்ற எல்லா இடத்துலயும் அப்படித்தான்.”

“தோண்டறப்ப இதைச் சொல்லவேயில்லீங்களே!”

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், கரும்பு வெட்டி முடிந்த தோட்டத்தில் இருந்தது அந்தக் குழி. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், எட்டடி ஆழம். ஷிரீன் தனியாகப் பொறுப்பேற்ற முதல் அகழாய்வுக் குழி. இதுவரை கிடைத்தவை கொஞ்சம் பானை ஓடுகள், ஒரு உடைந்த வளையல். வளையல் பிளாஸ்டிக்.

அவளுடையது தற்காலிக வேலை. குழியை மூடினால் வேலையும் முடிந்தது. சேலத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அவளைப் பெற்ற அத்தா காலையில்தான் போனில் சொன்னார்: “பானைதானே பாக்கணும்? நம்ம கடையில இல்லாத பானையா? வந்து கல்லாவுல உக்காரும்மா.”

ஊரில் மற்றவர்கள் நிலம் தர மறுத்தபோது, தானாக முன்வந்தவர் நாச்சிமுத்து. உழும்போது பானை ஓடு கிடைத்த இடம் இதுதான் என்று, புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் தன் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காலால் கோடு கிழித்துக் காட்டினார். மூன்று வேளையும் வந்து எட்டிப் பார்ப்பார். தூக்குக்குண்டு பிடித்து, குழியின் சுவர்களை அவள் செங்குத்தாகச் சீவச் சொல்வதைப் பார்த்து உருகிப்போவார்.

“எங்க மேஸ்திரிகூட இப்புடி நேரா வெட்டமாட்டானுங்க.”

மண்ணின் அடுக்குகளைப் பார்ப்பதற்காக, குழியின் நடுவே ஒரு மண்சுவரை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தாள். மழையில் அதன் ஓரம் சரிந்தபோது அவளைவிட அவர்தான் அதிகம் வருந்தினார். தார்ப்பாய் கொண்டுவந்து அவரே போர்த்தினார்.

இப்படி ஒரு வரலாற்றுப் பைத்தியத்தை அவள் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

“மூடாம உட்டுருங்க அம்மிணி. நான் பாத்துக்கறேன்.”

“முடியாதுங்கய்யா.”

“அப்ப இன்னும் ரெண்டடி தோண்டிப் பாருங்க. பத்தடியில கண்டிப்பா இருக்கும்.”

“என்ன இருக்கும்?”

அவர் யோசித்தார். “வரலாறு.”

ஷிரீன் தயங்கித் தயங்கி அகழாய்வு இயக்குநர் காளிதாஸுக்குப் போன் செய்தாள். அவரிடம் ‘சரிங்க சார்’ என்பதற்கு மேல் அவள் பேசியதே இல்லை. அதற்குள் நாச்சிமுத்து போனை வாங்கிக்கொண்டார்.

“சார், நம்ம முன்னோரு வாழ்ந்த மண்ணுங்க. எட்டடியோட நிறுத்துனா அவிய ஆத்துமா என்னாகறது? பத்தடிங்க சார். அதுக்கு மேல ஒரு அடிகூட வேண்டாம்.”

பேசி முடித்துப் போனை ஷிரீனிடம் நீட்டினார். “சரி, பத்தடி. ஆனா நாளைக்கு அஞ்சு மணிதான் கெடு. ஷிரீன், அந்தப் பெரியவருக்கு ஒரு விழா வெச்சு சால்வை போடணும்மா” என்றார் காளிதாஸ் நெகிழ்ந்துபோய்.

மண் சுமக்க ஆள் பற்றவில்லை. மண்டப வேலையை நிறுத்திவிட்டு, அங்கிருந்தவர்களையும் கூடையோடு இறக்கிவிட்டார் நாச்சிமுத்து.

மறுநாள் மதியம் குழிக்குள் மண் கொத்திக்கொண்டிருந்த கூலியாள் பாப்பாயியின் குரல் கேட்டது. “அம்மிணி! கொத்து எதுலயோ இடிக்குதுங்க!”

ஷிரீன் இறங்கித் தூரிகையால் துடைத்தாள். சுட்ட மண்ணால் ஆன ஒரு பெரிய வளையம். சுற்றிலும் மெல்ல மண்ணை எடுக்க, அதன் கீழே இன்னொன்று. பக்கவாட்டில் ஒரு சுடுமண் குழாய், வளையத்தை நோக்கிச் சரிந்திருந்தது.

அவள் மேலே ஏறி வந்தபோது முகமெல்லாம் மண், சிரிப்பு.

“கெணறுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“இல்லீங்கய்யா. குழாய் உள்பக்கம் சரிஞ்சிருக்கு பாருங்க. இது தண்ணி எடுக்கறதுக்கு இல்ல, விடறதுக்கு. வீட்டுக் கழிவெல்லாம் இறங்கற குழி. ரெண்டாயிரம் வருஷம் இருக்கலாம். போட்டோ அனுப்பினேன். குழியை மூடவே வேண்டாம்னுட்டார் சார். என்னையும் இங்கேயே இருந்து பாத்துக்கச் சொல்லிட்டார். அத்தாகிட்ட கல்லாவுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லணும்!”

அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்.

“மூட மாட்டீங்களா? அப்புடியே உட்டுருவீங்களா?” நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

“அப்படியேதான். மேல கூரை போட்டு, சுத்தி வேலி போட்டுடுவோம். இனி இங்க யாரும் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.”

நாச்சிமுத்து குழியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். கண் கலங்கியது.

“அழாதீங்கய்யா. எல்லாம் உங்களாலதான். நாலு ஏக்கர் தோட்டத்துல சரியா இந்த இடத்தை எப்படிக் காட்டினீங்க?”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ கொண்டுவந்த அவர் மனைவி ராமாயிதான் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அதை ஏன் கேக்கறீங்க அம்மிணி! ஓடு கெடச்சதெல்லாம் அந்தக் கோடியில, வாய்க்கா ஓரத்துலீங்க. இது, மண்டபத்துக்குப் பத்தடி ஆழத்துல கக்கூஸ் டேங்க் இங்கதான் வரோணும்னு எங்க மேஸ்திரி காட்டுன எடம்.”