புள்ளி இரண்டு ஓட்டு

என் கணவர் மொரியோ புள்ளி இரண்டு ஓட்டில் தோற்றார்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். ஊர் மன்றத்தின் கடைசி இடத்தைப் பிடித்த ஒகுமுராவுக்கு இருநூற்று மூன்று. இவருக்கு இருநூற்று இரண்டு புள்ளி எட்டு.

எல்லாம் எங்கள் குடும்பப் பெயர் செய்த வேலை. இந்தத் துறைமுகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அது ஒரு ஹமகுச்சியின் தலையில்தான் விழும். தேர்தலிலும் இரண்டு ஹமகுச்சிகள் நின்றார்கள். ஒருவர் இவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஷிஸுனோ.

வாக்குச்சீட்டில் பெயரை நாம்தான் பென்சிலால் எழுத வேண்டும். வெறும் ஹமகுச்சி என்று எழுதிவிட்டு வந்தாலும் அது செல்லாத ஓட்டு ஆகாது. அவரவர் வாங்கிய ஓட்டின் அளவுக்கேற்ப இரண்டு பேருக்கும் கூறு போட்டுவிடுவார்கள். எங்களுக்கென்ன, மீனைக் கூறு போட்டுப் பழகிய ஊர்தானே. ஷிஸுனோவுக்கு நடுக்கண்டம், இவருக்கு வால்.

அப்படி எழுதியவர்கள் பன்னிரண்டு பேர். அதில் இவரை மனதில் வைத்து எழுதிய ஒரே ஒருவர் முழுப் பெயரையும் எழுதியிருந்தால்கூட இவர் ஜெயித்திருப்பார்.

திங்கள்கிழமை காலை எங்கள் கருவாட்டுக் கடைக்கு ஒவ்வொருவராகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பிரசாரத்துக்குப் போட்ட பெயர்ப் பட்டையை இவர் மார்பிலிருந்து இன்னும் கழற்றவில்லை. மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள் கட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் எழுதிக் காட்டச் சொன்னார்.

"அஞ்சு நாளா வண்டியில ஸ்பீக்கர் கட்டி, ஊர் காதெல்லாம் கிழியற மாதிரி ஹமகுச்சி மொரியோ, ஹமகுச்சி மொரியோன்னு கத்தினேன். மொரியோங்கற மூணு எழுத்தை எழுதக் கை வலிச்ச மகராசன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

தெரிந்துவிட்டால் அந்த ஆளின் வாசற்படியை மிதிக்க மாட்டாராம். இந்த ஊரில் முடி வெட்ட இசோபேயை விட்டால் ஆளில்லை, தோஃபு வாங்க கினுயேவை விட்டால் கடையில்லை. பன்னிரண்டு பேரைப் பகைத்துக்கொண்டால் தாடியும் பட்டினியுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் தேநீர்த் தட்டை ஏந்தியபடி சுற்றிச் சுற்றி வந்தேன்.

முடி வெட்டும் இசோபே எழுதினார். முழுப் பெயர். "எங்கம்மா மேல சத்தியமாண்ணே, நேத்தும் இப்படித்தான் எழுதினேன்." அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

தோஃபுக் கடை கினுயேயும் முழுப் பெயர்தான். பக்கத்தில் ஒரு மரியாதைச் சொல்லையும் சேர்த்துப் போட்டாள். "யாரு ஜெயிச்சாலும் சோயா விலை இறங்கப் போறதில்ல. நம்ம அண்ணன் வந்தா ஒரு ஆக்டோபஸ் சிலையாவது வரும்னு பார்த்தேன்" என்றாள்.

ஆக்டோபஸ் சிலைதான் இவருடைய பெரிய வாக்குறுதி. துறைமுக வாசலில், இரண்டு மாடி உயரத்துக்கு. ஷிஸுனோ, நிறுத்திவிட்ட ஆஸ்பத்திரி பஸ்ஸைத் திரும்ப ஓட வைப்பதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்கு முன்னால் நின்று யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்று இவர் மேடையிலேயே கேட்டார். முழங்கால் வலிக்காத மனிதர். வலி எனக்குத்தான்.

தாளுக்குத் தாள் முழுப் பெயர். ஒரு குற்றவாளியும் சிக்கவில்லை. கடைசியில் இவருடைய பார்வை என்மேல் வந்து நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து நான் இவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும். இசோபே தேநீரை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"முழுப் பேரும் எழுதினேங்க. ஒரு எழுத்து விடல" என்றேன். அதில் பொய் இல்லை.

இவர் பெருமூச்சு விட்டார். அப்போது கினுயே வெகுளியாக வாயைத் திறந்தாள்.

"ஏண்ணே, நீங்க எப்படி எழுதினீங்க?"

இவர் சிரித்தார். பென்சிலை எடுத்தார். ஒரே வீச்சில் எழுதிவிட்டு, டக்கென்று மேசையில் வைத்தார்.

தாளில் ஹமகுச்சி என்று மட்டும் இருந்தது.

மீன் பெட்டியில் அப்படி, பில்லில் அப்படி, வீட்டு வாசலில் அப்படி. வாழ்நாள் முழுவதும் அப்படியே எழுதிப் பழகிய கை, நேற்று மட்டும் வேறு மாதிரியா எழுதியிருக்கும்?

பக்கத்தில் நின்றதால் நான் மட்டும் பார்த்தேன். இவர் தாளையே வெறித்தார். காது மடல் இரண்டும் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவம்தான் அதிகம்.

இசோபே கழுத்தை நீட்டினார்.

தட்டைக் கீழே வைத்தேன். மேசையைத் துடைப்பதுபோல் குனிந்து, பென்சிலை எடுத்து தாளில் மீதி மூன்று எழுத்தையும் சேர்த்தேன். பிறகு தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

"பாத்தீங்களா, முழுசா இருக்கு. வேற ஊருலேர்ந்து மாறி வந்தவங்க யாராவது எழுதியிருப்பாங்க. விடுங்க, தேநீர் ஆறுது."

எல்லோரும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள். இவர் மெதுவாகப் பட்டையைக் கழற்றி மடித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இந்த உலகத்தில் தன் பக்கம் நிற்க ஒருத்தியாவது இருக்கிறாளே என்ற பார்வை.

என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அந்தத் தேர்தலில் மொரியோ என்று நான் எழுதியது அந்த ஒரு தடவைதான்.