ஐந்தாவது திரை

“ஒரு ஆளுக்கு எதுக்குய்யா அஞ்சு திரை?” என்று ஜன்னலோர மேஜையைக் காட்டிக் கேட்டார் மேனேஜர்.

 ஒரே கம்ப்யூட்டருக்குள் ஐந்து டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம், ஒரு வேலையை அப்படியே பரப்பிப் போட்டுவிட்டு இரண்டு விசையைத் தட்டினால் அடுத்த வேலை வந்து நிற்கும், இப்போது நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று உதவி மேனேஜர் விளக்கிப் பார்த்தார்.

மேனேஜர் காதில் ஏறவில்லை. அவர் கம்ப்யூட்டரில் ஒரே திரைதான். அதிலும் ஒரு நீலக் கடல் படத்தைத் தவிர வேறெதுவும் இருக்காது. வருகிற மெயிலை எல்லாம் ‘பாத்துக்கோங்க’ என்ற ஒற்றை வார்த்தையோடு உதவி மேனேஜருக்குத் தள்ளிவிடுவார். சாயங்காலத்துக்குள் பதில் தயாராகிக் கையெழுத்துக்கு வந்துவிடும். அவருடைய மாத அறிக்கையைப் படித்துவிட்டுத் தலைமை அலுவலகமே போன் போட்டுப் பாராட்டியிருக்கிறது. வேலை தெரிந்தவனுக்கு ஒரு திரை போதும் என்பது அவர் கட்சி.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு அங்கே பதினோரு வருஷ சர்வீஸ். ‘அஞ்சு திரை’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். முதல் திரையில் சூரியகாந்திப் படம். எந்த மாடியில் எந்த லிஃப்ட் மக்கர் செய்கிறது என்ற புகார்கள் அதில். இரண்டாவதில் எந்த மெக்கானிக் எங்கே போயிருக்கிறான் என்ற கணக்கு. மூன்றாவதில் உதிரி பாகங்கள். நான்காவதில் முன்பல் விழுந்த மகளின் சிரிப்பும் அவளுடைய பள்ளிக்கூட அட்டவணையும். ஐந்தாவது வெறும் கறுப்பு.

அந்தக் கறுப்புதான் மேனேஜரின் கண்ணை உறுத்தியது. அவர் பக்கத்தில் போனால் போதும், படக்கென்று கறுப்பு மறைந்து சூரியகாந்தி பல்லைக் காட்டும். மூன்று தடவை பார்த்துவிட்டார்.

“வேற ஏதோ கம்பெனிக்கு வேலை பாக்குறாங்க. நம்ம சம்பளம், நம்ம கரண்ட்டு, யாருக்கோ உழைப்பு.”

உதவி மேனேஜரின் முகம் வெளிறிப்போனது. “சார், அவங்க வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆச்சு. இவங்க சம்பளத்துலதான் வீடே ஓடுது. இவங்களையும் அனுப்பிட்டா குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்.”

“அதான் ரெண்டு எடத்துல சம்பாதிக்கறாங்க” என்று அங்கேயே மடக்கினார் மேனேஜர். இப்படிப் பாயின்ட்டைப் பிடிப்பதில் அவருக்கு அவரே நிகர்.

 உதவி மேனேஜர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மேனேஜர் சூட்டோடு சூடாக அவருக்கு ஒரு மெயில் அனுப்பினார். ஒரு வேலை நீக்கக் கடிதம் வேண்டும், சட்டப்படி ஒரு ஓட்டை இருக்கக் கூடாது, பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கட்டும், விஷயம் வெளியே கசியக் கூடாது. கடைசியில் வழக்கம்போல ‘பாத்துக்கோங்க’ என்று முடித்தார். இனி கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதில்தான் ஒரு சிக்கல். அவருடைய ஷூ நடந்தால் கிறீச் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். அந்தச் சத்தம்தான் அவளை உஷார்ப்படுத்துகிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அறைக் கதவைச் சாத்தினார். ஷூவைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளினார். வெறும் சாக்ஸோடு, பூனை மாதிரி நடந்து ஜன்னலோரத்துக்குப் போனார். வழியில் உட்கார்ந்திருந்த உதவி மேனேஜர் அவரைப் பார்த்ததும் பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திரை கறுப்பு. அதன்மேல் வரிசையாக ஃபைல்கள் திறந்து கிடந்தன.

மேனேஜர் குனிந்து பார்த்தார். முதல் ஃபைல் அவருடைய மாத அறிக்கை, பாதி முடிந்திருந்தது. அடுத்தது, காலையில் அவர் தள்ளிவிட்ட அடுக்குமாடிச் சங்கத்தின் புகாருக்குப் பதில், அவர் பெயரில். அதற்கடுத்தது ஆண்டு விழாவில் அவர் பேசவேண்டிய பேச்சு. ‘இங்கே ஒரு ஜோக், சிரித்து முடிக்கும் வரை நிறுத்தவும்’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பு வேறு. போன வருஷமும் அதே மாதிரி இடத்தில் நிறுத்தித்தான் கைதட்டல் வாங்கினார். அவருக்குக் காது சுட்டது.

நிழல் விழவும் அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“மன்னிச்சிடுங்க சார். நீங்க உதவி மேனேஜர் சாருக்கு அனுப்பறதெல்லாம் நாலு வருஷமா தானாவே எனக்கு வந்துடும். அவர்தான் அப்படி செட் பண்ணி வச்சிருக்கார். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னதால மறைச்சேன்.”

 மேனேஜரின் கண் திரையின் ஓரத்தில் இருந்த கடைசிக் கடிதத்தில் நிலைத்துவிட்டது. அவளும் அதைக் கவனித்தாள். வேலைப் பேச்சு என்றதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“அதுவும் முடிஞ்சிடுச்சு சார், ஒரு ஓட்டை இல்லாம எழுதியிருக்கேன். பாவம், யார் வீட்டு அடுப்போன்னு மனசு கேக்காம, மூணு மாசச் சம்பளம் சேத்துக் குடுக்கணும்னு ஒரு வரி போட்டிருக்கேன், வேண்டாம்னா எடுத்துடறேன்” என்றவள், விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “பேர் மட்டுந்தான் சார் பாக்கி. யாருக்குன்னு சொன்னீங்கன்னா இப்பவே அடிச்சிடறேன்.”