மூணு பாட்டு வரைக்கும்தான்

“மூணு பாட்டு முடிஞ்சுது. வெளியே வாங்க சார்.”

மேடைக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவே, படம் எடுப்பவர்களுக்கென்று விட்டிருந்த சந்தில் நின்று சொன்னாள் காவலுக்கு இருந்தவள். கச்சேரி வட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் கேட் அக்கா.

ரெகே இசைக்குழு நான்காவது பாட்டைத் தொடங்கியிருந்தது. திறந்தவெளி மைதானமே சாவகாசமாக இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கச்சேரியிலும் உள்ள வழக்கம்தான்: முதல் மூன்று பாட்டுக்குக் கேமரா, அப்புறம் சந்து காலி. இளம் போட்டோகிராபர்கள் ஆறு பேரும், “வர்றோம்க்கா” என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் அசையவில்லை.

“நான் யார்னு தெரியுமா உனக்கு?”

தெரியாமல் இருக்க முடியாது. பக்கத்துக் கூடாரத்தில் திறக்கப்போகும் ராக் புகைப்படக் கண்காட்சி அவருடையது. விளம்பரத் தாளில் அவர் பெயருக்கு முன்னால் ‘மேதை’ என்று அச்சிட்டிருந்தது. எழுதிக் கொடுத்தவரும் அவரே.

“தெரியும் சார். நாலாவது பாட்டு ஓடுது, அதுவும் தெரியும்.”

மேதை போனை எடுத்தார். கச்சேரியை நடத்தும் மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றான். காலையிலிருந்து அவனுக்கு ஓட்டம்தான்: ஜெனரேட்டர், கழிப்பறைத் தண்ணீர், மேதைக்குச் சர்க்கரை போடாத காபி.

“இந்தம்மா இருக்கற இடத்துல என் படம் ஒண்ணுகூட இருக்காது. கழட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். யார் வேணும்னு நீயே முடிவு பண்ணு!”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தான். கண்காட்சித் திறப்புக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

“அக்கா, ஐயாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்களேன்.”

“எதுக்குத் தம்பி? அந்தப் பிள்ளைங்க ஆறு பேரும் மரியாதையா வெளியே போயிட்டாங்க. அவங்களுக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா?”

“கேட்கலைன்னா உங்க அடையாள அட்டையை வாங்கிட்டு அனுப்ப வேண்டி வரும்க்கா. அப்புறம் எந்தக் கச்சேரிக்கும் கூப்பிட மாட்டாங்க.”

“கூப்பிட வேணாம். அட்டை என் கழுத்துல இருக்கற வரைக்கும் இந்தச் சந்து என் பொறுப்பு. சார், வெளியே!”

கைகளைக் கட்டிக்கொண்டாள். பத்து ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்தது போல நின்றாள்.

மேதை கூடாரத்தின் வாசலைக் காட்டினார். அங்கே கதவைவிடப் பெரிதாக ஒரு படம். கொட்டும் மழையில் பாடகன் வீசியெறிந்த கிடார், ஆயிரம் கைகளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. இருபத்தெட்டு வருஷமாக மேதை ஊர் ஊராகப் போவது, கல்லூரிகளில் முழங்குவது, மாலை வாங்குவது எல்லாம் அந்த ஒரு படத்தை வைத்துத்தான். மற்ற படங்களில் பாடகர்கள் வாயைத் திறந்துகொண்டு இருப்பார்கள், அவ்வளவே.

“அது கடைசிப் பாட்டுல எடுத்தது! கட்டுப்பாட்டை மீறுறவனுக்குத்தான் கலை கைக்கு வரும். இவளை மாதிரி ஒருத்தி அன்னைக்கு அந்தச் சந்துல நின்னிருந்தா, இந்தப் படம் உலகத்துக்கே கிடைச்சிருக்காது!”

“நின்னேனே சார்.”

அப்போதுதான் மேதை அவள் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். வாசலைக் காட்டிய கையைக் கீழே இறக்கினார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. “பேச்சை வளர்க்காதீங்கக்கா. மன்னிப்பு கேட்டு முடிங்க!”

“சரி தம்பி, கேட்டுடறேன்.” அவள் மேதையின் பக்கம் திரும்பினாள்.

“மன்னிச்சிடுங்க சார். அன்னைக்கும் மூணாவது பாட்டு முடிஞ்சதும் உங்களை நாங்கதான் தூக்கி வெளியே விட்டோம். நீங்க திமிறினதுல கேமரா தடுப்புலயே மாட்டிக்கிட்டு நின்னுடுச்சு. கடைசிப் பாட்டுல அந்தாளு கிடாரை வீசினப்போ, என் கை சும்மா இருக்கல, ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்கிட்டு அப்புறம்தான் உங்ககிட்ட குடுத்தனுப்பினேன். கேமரா பிடிச்சுப் பழக்கமில்லை, அதான் படம் கொஞ்சம் கோணலா விழுந்துடுச்சு.”